தவறுதலாக எடுத்த பணம்

கணக்குப் பார்க்கும் பெண் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கமாகத் திருப்பினாள். நல்ல சேதி சொல்கிறவர்கள் திரையைத் திருப்புவதில்லை, வாயாலேயே சொல்லிவிடுவார்கள். டாக்டரும் அப்படித்தான், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவனும் அப்படித்தான். செருப்புக் கடைக்கு மேலே மாடியில் அவளுடைய அலுவலகம். புதுத் தோல் வாசனை படியேறி வந்து அறை முழுக்க நின்றது. மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் என் மனைவி. மச்சினன் ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றான். இந்தப் பெண்ணிடம் எங்களைக் கூட்டி வந்தவன் அவன்தான். வாயைத் திறந்தால் 'சத்தியமா' என்று ஆரம்பிப்பான், அதனால் வேலையிடத்தில் அவனுக்குப் பெயரே சத்தியம். இத்தனை சத்தியம் செய்கிறவனை எப்படி நம்புவது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே யோசனைதான்.

"ஐயா, போன வருஷம் நடுவுல இந்த ஓய்வுக்காலக் கணக்குலேருந்து பணம் எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்தேன்."

"எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?"

"இதுல ஞாபகம் என்ன? அந்த வருஷம் போட்டது மொத்தத்தையும் எடுத்தேன்."

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது. சொல்லக் கூடாது என்று நான் மறைக்கவில்லை, சொல்லும்படியாக ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

"அப்புறம் திருப்பிப் போட்டுட்டேன்," என்றேன். "ஒரு காசு குறையாம. அதுவும் அதுல இருக்குமே, நல்லாப் பாரும்மா."

"இருக்குங்கய்யா. அதுதான் இன்னொரு பிரச்சினை."

அந்தக் கணக்கைப் பற்றி எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நான் குழாய் வேலை செய்கிறவன். கம்பெனி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, கை ஓய்ந்தால் பென்ஷன் தருகிறவன் எவனும் கிடையாது. என்னைப் போன்றவர்கள் ஒரு நிதிக் கம்பெனியில் ஓய்வுக்காலக் கணக்கு என்று ஒன்று திறக்கலாம். அதில் ஒரு வருஷத்தில் போடுகிற பணத்தை அந்த வருஷத்து வருமானத்திலிருந்து கழித்துவிட்டு, மீதிக்குத்தான் வரி கேட்பார்கள். பதிலுக்கு நாம் அறுபத்தைந்து வயது முடிகிற வரைக்கும் அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது. இதை வீட்டுக்குக் கொண்டுவந்தது என் மனைவி. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே சாப்பாட்டு வேளையில் பெண்கள் பேசாத விஷயம் கிடையாது. "கழிவு கிடைக்குமாங்க" என்று வந்து சொன்னாள். என் தொழிலில் கழிவு என்றால் வேறு, அதைக் கிடைக்கும் என்று யாரும் சந்தோஷமாகச் சொல்ல மாட்டார்கள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கணக்கைத் திறக்க வைத்துவிட்டாள்.

முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டேன். போன வருஷம் ஐந்து மாடி விடுதி ஒன்றுக்கு மொத்தக் குளியலறை வேலையும் எனக்கு வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பணத்தை ஒன்றாகப் பார்த்ததில்லை. எவ்வளவு போடலாமோ அவ்வளவும் போட்டுவிடுங்கள் என்றாள் அவள். கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவ்வளவும் போட்டால் நான் ஏற்கெனவே கட்டியிருந்த வரியில் பெரும்பகுதி திரும்பி வரும். அது வந்தால் இந்த மாதக் கடைசியோடு சலவைக் கூடத்தை விட்டு நின்றுவிடலாம், எனக்கு அறுபத்தைந்து ஆகிற வரைக்கும் அதை வைத்து ஓட்டிவிடலாம். சூப்பர்வைசரம்மாவிடம் சொல்லியும் விட்டாள். லாக்கரில் கிடந்த ரப்பர் செருப்பையும் சீப்பையும்கூட வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவள் வீம்புக்காக வேலையை விடப் பார்க்கவில்லை. இருபது வருஷமாக, இஸ்திரி போடுகிற கொதிக்கும் உருளையிலிருந்து வரும் விரிப்புகளைப் பிடித்துப் பிடித்து அவள் விரல் நுனிகளில் உணர்வு போய்விட்டது. சூடு தெரிவதில்லை, பிடிமானம் தெரிவதில்லை. தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, அது விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் கையில் இல்லை என்று குனிந்து பார்ப்பாள்.

நான் ஏன் எடுத்தேன் என்று கேட்டால், எந்தக் குழாய்க்காரனும் எடுத்திருப்பான் என்பேன். சுவருக்குள் குழாய் பதித்தால் உடனே பூசி மூடிவிட மாட்டேன். எல்லா வாயையும் அடைத்துத் தண்ணீர் ஏற்றி, ஒரு நாள் நிறுத்தி, பிறகு மொத்தத்தையும் திறந்துவிட்டுப் பார்ப்பேன். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வேண்டும். வந்தால்தான் மூடலாம். இப்படிப் பார்க்காமல் மூடிய சுவர்களை உடைத்தே பாதி ஆயுள் போனவன் நான். வங்கியானாலும் சீட்டானாலும் இதே முறைதான். போடுவேன், ஒரு வாரம் விடுவேன், எல்லாவற்றையும் எடுப்பேன், எண்ணிப் பார்ப்பேன், திருப்பிப் போடுவேன். கொடுக்க மறுக்கிறவன், நாளைக்கு வா என்கிறவன், மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறார் என்கிறவன் எல்லாரும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுவார்கள். சின்னப் பணத்துக்கே அப்படிப் பார்த்தவன் இவ்வளவு பெரிய பணத்துக்குப் பார்க்காமல் இருப்பேனா?

கணக்குப் பெண்ணிடமும் இதையேதான் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். எழுதிக்கொள்ளவில்லை.

"எடுக்கும்போது கவுண்டர்ல உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

"ஒரு பொண்ணு 'நிச்சயமா எடுக்கறீங்களா, நிச்சயமா எடுக்கறீங்களா'ன்னு மூணு தடவை கேட்டுது. என் பணத்தை எடுக்க உன் உத்தரவு வேணுமான்னு கேட்டேன். அப்புறம் பேசலை. ஒரு தாளைக் கொடுத்துது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதையெல்லாம் எவன் படிப்பான்?"

"நிச்சயமான்னு மூணு தடவை கேட்டா ஏதோ இருக்குன்னு தெரிய வேண்டாமா மாமா?" என்றான் மச்சினன். "சத்தியமா எங்கிட்ட ஒரு தடவை கேட்டாலே நான் வீட்டுக்கு வந்துடுவேன்."

"உன்னை எவன் நம்பி மூணு தடவை கேப்பான்?"

"பணத்தை எங்க வச்சிருந்தீங்க?" என்று என் மனைவி கேட்டாள். அந்த அறைக்குள் வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சாமான் கொட்டகையில."

"கொட்டகையில எங்க?"

"நாலு அங்குலக் குழாய் ஒண்ணுக்குள்ள. ரெண்டு பக்கமும் மூடி போட்டு."

மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. கணக்குப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு விசைப்பலகையைப் பார்த்தாள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கொட்டகைக்கு அவள் தினம் விளக்குமாறு எடுக்கப் போவாள்.

பிறகு அந்தப் பெண் விஷயத்தைச் சொன்னாள். பொறுமையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் காது சூடானது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. உங்க பணந்தான். ஆனா வரிக்கழிவு வாங்கின பணம். அறுபத்தஞ்சுக்கு முன்னாடி வெளியே வந்தா, அந்த வருஷம் நீங்க சம்பாதிச்ச பணம் மாதிரி அதுக்கும் வரி உண்டு. அதுக்கு மேல பத்துல ஒரு பங்கு அபராதம்."

"அதான் திருப்பிப் போட்டுட்டேனே."

"திருப்பிப் போட்டதை அவங்க புதுப் பணம்னு எழுதியிருக்காங்க. ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம்னு வரம்பு இருக்கு. முதல் தடவையே நீங்க வரம்பு வரைக்கும் போட்டாச்சு. அதனால ரெண்டாவதாப் போட்டது மொத்தமும் வரம்புக்கு மேல. அதுக்குக் கழிவும் கிடையாது, தனியா ஒரு அபராதமும் உண்டு. உள்ள இருக்கற வரைக்கும் வருஷா வருஷம்."

"சரி. அப்ப அதை எடுத்துடறேன்."

"எடுக்கலாம். அந்த வருஷா வருஷ அபராதம் நின்னுடும். ஆனா முதல்ல எடுத்ததுக்கு வரியும் அபராதமும் அப்படியே இருக்கும்."

"எடுத்தாலும் அடி, போட்டாலும் அடி. ஏம்மா, அதே பணம்மா. அதே நோட்டு. கட்டுப் பிரிக்கலை. போன வழியா வந்துது, வந்த வழியா போச்சு. நடுவுல எவன் வீட்டுக் குடி கெட்டுது? எனக்கு எங்க வருமானம் வந்துது? என் சட்டைப் பையிலேருந்து எடுத்து என் சட்டைப் பையில வச்சா அது சம்பாத்தியமா?"

"எனக்குப் புரியுதுங்கய்யா. சட்டத்துக்குப் புரியாது."

"சட்டம் எழுதினவனுக்குப் புரியும். வேணும்னே எழுதியிருக்கான்."

"திரும்பி வரும்னு சொன்ன பணம்?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்தப் பெண் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "வராதும்மா. நீங்கதான் மேல கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும்" என்றாள்.

கீழே கடையில் யாரோ குழந்தைக்குச் செருப்பு போட்டுப் பார்த்தார்கள் போல. ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச் என்று சத்தம் கேட்டது. அந்தப் பெண் எதையோ தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரு வழி இருக்கிறதாம். எடுத்த பணத்தை அறுபது நாளுக்குள் அதே கணக்கில் திருப்பிப் போட்டால் எடுத்ததாகவே கணக்கில்லை. ஆனால் போடும்போதே, இது எடுத்த பணம், திருப்பிப் போடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. கவுண்டரில் இருந்தவன் "புதுசாப் போடறீங்களா?" என்று கேட்டான், நான் ஆமாம் என்றேன். என் வீட்டு விஷயத்தை முன்பின் தெரியாத அந்த ஆளிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்? வெள்ளிக்கிழமை வரிக்கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள். அதற்குள் நிதிக் கம்பெனிக்குப் போய்த் திருத்தம் கேட்டால் ஒருவேளை மாற்றித் தருவார்கள் என்றாள்.

"ஒருவேளைன்னா?" என்று கேட்டேன்.

"ஒருவேளைன்னா ஒருவேளைதாங்கய்யா."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். சாப்பாடு எடுத்து வைத்தாள், துணி மடித்தாள், கொட்டகைக்குப் போய் விளக்குமாறை எடுத்து வந்தாள். வருகிற வழியில் சுவரோரம் சாத்தியிருந்த குழாய்களில் ஒன்றைக் காலால் மெல்லத் தட்டிப் பார்த்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். அது வெறும் குழாயாகத்தான் ஒலித்தது.

மறுநாள் காலையில் மச்சினன் குழாய்ச் சாமான் ஏற்றுகிற வண்டியில் மூன்று பேரும் நிதிக் கம்பெனிக்குப் போனோம். முன் சீட்டில் குழாய் இணைப்புப் பெட்டிகளை நகர்த்திவிட்டு அவளை உட்கார வைத்தான். நான் பின்னால் கழிப்பறைக் கோப்பை ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகிற இடத்துக்கு அது பொருத்தம்தான் என்றான் அவன். கம்பெனிக்குள் கண்ணாடிக் கதவு, குளிர், டோக்கன் கொடுக்கிற இயந்திரம். சுவரில் ஒரு கிழவனும் கிழவியும் கடற்கரையில் ஓடுகிற படம். இந்த வயதில் எந்தக் கிழவன் பெண்டாட்டியைக் கடற்கரையில் ஓட விடுவான்? எங்களுக்கு வாய்த்த அதிகாரிக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே என் கணக்கைத் திறந்து பார்த்தார்.

"அறுபது நாளுக்குள்ளதான் இருக்கு. திருத்தம் கேக்கலாம்," என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. "இந்த உறுதிமொழில கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

ஒரு தாளை நகர்த்தினார். நான் நாலாவது வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படிப்பேன். இந்த முறை ஒரு எழுத்து விடாமல் படிப்பது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து வந்திருந்தேன். இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்துக்கு நேரே, 'மேற்படி தொகை எனது அறியாமையால் தவறுதலாக எடுக்கப்பட்டது.' இரண்டாவதற்கு நேரே, 'மேற்படி தொகை எனது சொந்தத் தேவைக்காக எடுக்கப்பட்டது.'

"முதல் கட்டத்துல டிக் அடிங்க," என்றார் அதிகாரி. "ரெண்டாவதுல அடிச்சா திருத்தம் கிடையாது."

"ரெண்டும் இல்லையே."

"எது ரெண்டும் இல்லை?"

"தவறுதலா எடுக்கலை. தெரிஞ்சேதான் எடுத்தேன். தேவைக்கும் எடுக்கலை. எனக்கு ஒரு தேவையும் இல்லை."

"பின்ன எதுக்குத்தான் எடுத்தீங்க?"

"சோதிச்சுப் பாக்க."

"எதை?"

"உங்களைத்தான்."

அவர் கைக்குட்டையை இறக்கினார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "பாஸ் ஆனோமா?" என்று கேட்டார்.

"ஆனீங்க. அதான் திருப்பிப் போட்டேன்."

"சந்தோஷம் பெரியவரே. ஆனா அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே."

"போட்டுக்குங்க. நாலு கோடு கிழிச்சா கட்டம். நான் வேணா கிழிச்சுத் தரேன்."

"மாமா," என்று மச்சினன் என் முழங்கையைப் பிடித்தான். "ஒரு டிக்தானே? சத்தியமா தெரியாம எடுத்துட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு வாங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியும்ல?"

"உங்களுக்கு வரி விதிமுறை தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அறியாமைதானே!"

"டேய், விதி தெரியாது. எடுத்தது தெரியும். ரெண்டும் வேற. நாளைக்கு இதையே தூக்கிக் காட்டி, இவன் புத்தி தடுமாறின ஆளு, தன் பணத்தை எடுத்ததே தெரியாதவன்னு எழுதி மொத்தத்தையும் முடக்கிட்டா நீ வந்து நிப்பியா? கையெழுத்து என்னோடது. என் வாழ்க்கையில செஞ்ச வேலையை நான் செய்யலைன்னு சொன்னதில்லை. ஒழுகின வேலையைக்கூட நான்தான் செஞ்சேன்னு சொல்லி உடைச்சுக் கட்டிக் கொடுத்திருக்கேன்."

குரல் உயர்ந்துவிட்டது போல. பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அறியாமை என்கிற அந்த வார்த்தை தாளில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதிகம் படிக்காதவனுக்கென்றே பொறுக்கி எடுத்துப் போட்ட வார்த்தை. நல்ல சட்டை போட்ட எவனும் இந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துபோவான். என்னால் முடியவில்லை. அதிகாரி தும்மினார், மன்னிப்புக் கேட்டார், மறுபடி தும்மினார். "யோசிச்சுட்டு வாங்க, அடுத்த ஆளைக் கூப்பிடறேன்" என்றார்.

அப்போதுதான் என் மனைவி பையை எடுத்துத் தோளில் மாட்டியதைப் பார்த்தேன். "எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பஸ் நிறுத்தத்தில்தான் அவளைப் பிடித்தேன். வெயிலில் கண் கூசியது. அவள் பையைத் திறந்து பஸ் காசைத் தேடினாள். நாணயம் விரலுக்குத் தட்டுப்படாததால் பைக்குள் எட்டிப் பார்த்துத் தேடினாள்.

"இங்க பாரு, நான் சொல்றதுல என்ன தப்பு?" என்றேன்.

"தப்புன்னு நான் சொல்லலையே."

"பின்ன எழுந்து வந்துட்டே?"

"நீங்க பொய் எழுத மாட்டீங்க. விடுங்க. சூப்பர்வைசரம்மாகிட்ட சொல்லிக்கறேன். எனக்குப் பதிலா இன்னும் ஆள் எடுக்கலை. இன்னும் ரெண்டு வருஷம்தானே, ஓடிப்போகும்."

"உன்னைப் போன்னு நான் சொன்னேனா?"

அவள் நாணயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து வாரா வாரம் எங்கையில வீட்டுச் செலவுக்குக் கொடுப்பீங்க. நான் குளிக்கப் போனதும் டப்பாவை எடுத்து எண்ணிப் பாப்பீங்க. தெரியாதுன்னு நெனச்சீங்களா? மூடியை எப்பவும் தப்பா திருகி வச்சிருப்பீங்க. குழாய்க்காரருக்கு ஒரு மூடி ஒழுங்காப் போடத் தெரியலை பாருன்னு சிரிச்சுப்பேன். முதல்ல சிரிச்சேன்." பஸ் வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "ஒரு தடவையாவது குறைஞ்சுதா? எத்தனை வருஷந்தான் தண்ணி விட்டுப் பாப்பீங்க? சுவரை மூடவே மாட்டீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டாள். பஸ் வந்தது. கம்பியைப் பிடித்திருக்கிறோமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு ஏறினாள். அவள் உட்காருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

மச்சினன் வேலைக்கு நேரமாகிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் உள்ளே போய்ப் புது டோக்கன் எடுத்தேன். பழைய டோக்கன் செல்லாதாம். எனக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம். என் முறை வந்தபோது அதே அதிகாரி, அதே கைக்குட்டை. தாளைப் பத்திரமாக ஓரத்தில் எடுத்து வைத்திருந்தார். நான் மறுபடி முழுக்கப் படித்தேன். ஒரு எழுத்தும் மாறியிருக்கவில்லை. பேனாவை வாங்கி முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். அழுத்தியதில் கீழே இருந்த தாளிலும் பதிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

நான் ஒத்துக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் உள்ளே போனது, வெளியே வந்தது, எங்கேயும் ஒழுகவில்லை. கேட்ட பணத்தை அவர்கள் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்கள். சோதனையில் அவர்கள் தேறிவிட்டார்கள். பொய் எழுதிக் கொடுத்தது நான். அதற்கும் ஒரு முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்கள்.

"இனிமே வரி வராதுல்ல?" என்று கேட்டேன்.

"இது மேலிடத்துக்குப் போகணும் பெரியவரே. அவங்க சரின்னும் சொல்லலாம், முடியாதுன்னும் சொல்லலாம். இந்த ரசீதை வச்சு நாளைக்குத் தாக்கல் பண்ணிடுங்க. முடியாதுன்னு வந்தா அப்புறம் வரியை வட்டியோட கேப்பாங்க."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது."

"இதை அப்பவே சொல்லியிருந்தா?"

"நீங்கதான் கட்டம் போடறதைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க," என்று சொல்லித் தும்மினார்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். அவள் அங்கே சேர்ந்ததிலிருந்து வாசல் கேட் வரைக்கும்தான் நான் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. சலவைக் கூடம் பின்பக்கம் என்று தெரியும். ஆவிக்குழாய் போகிற பாதையைப் பார்த்தபடியே நடந்தேன், அது கொண்டுபோய் விட்டது. வெப்பம் தாங்காமல் பின் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். வாசற்படியில் ஏறி நின்றதும் முகத்தில் ஈரத்துணியை அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே பேச்சுக்கே இடமில்லை, அவ்வளவு இரைச்சல். பெண்கள் கையாலும் தலையாலும் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி இரண்டு விரலைக் காட்டினாள், இன்னொருத்தி மோவாயைத் தூக்கினாள், மூன்றாவது ஒருத்தி போய் வண்டியைத் தள்ளி வந்தாள். என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை.

பெரிய உருளையின் அந்தப் பக்கம் என் மனைவி நின்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள். மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். உருளையிலிருந்து விரிப்பு வந்ததும் அவள் இரண்டு முனையைப் பிடித்தாள், எதிரே இருந்தவள் இரண்டு முனையைப் பிடித்தாள். பிடித்திருக்கிறோமா என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு உதறல், பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பது. அதற்குள் அடுத்தது வந்துவிடும். நிறுத்த முடியாது.

என்னைப் பார்த்துவிட்டாள். புருவத்தைத் தூக்கி என்ன என்று கேட்டாள். நான் ரசீதைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவு தூரத்துக்கு அது வெறும் தாள். உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன், கையெழுத்துப் போடுகிற மாதிரி. எதிரே நின்றவள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். என் மனைவி சிரித்தாளா என்று தெரியவில்லை, அதற்குள் இருவருக்கும் நடுவே விரிப்பு மேலே எழுந்துவிட்டது. நான் கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. விரிப்பு இறங்கி மடிந்தபோது அவள் முகம் தெரிந்தது, இன்னும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் துணி இருந்தது. மறுபடி ஒன்று வெள்ளையாக, ஆவி பறக்க, எங்களுக்கு நடுவே எழுந்தது.